ஊர்ச் சுவரெல்லாம் அத்தானின் முதுகு

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுகிறேன். கடைத்தெரு அவரை 'அரை இஞ்சு' என்று கூப்பிடுகிறது. உயரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். படங்களுக்கு ஃபிரேம் போடுவது அவர் தொழில். எந்தப் படத்துக்கு அளவெடுத்தாலும் நாலு பக்கமும் அரை இஞ்சு விட்டுத்தான் எடுப்பார். "மரம் விரியும், காகிதம் சுருங்கும், எதுக்கும் ஒரு அரை இஞ்சு இருக்கட்டும்" என்பார். இந்தப் பழக்கம் கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்காருவார். டீயை விளிம்பு வரை ஊற்ற விடமாட்டார். அவர்களுடைய கல்யாணப் போட்டோவில் அக்காவுக்கும் அவருக்கும் நடுவே, பின்னால் தொங்கும் திரையிலுள்ள பூ ஒன்று இதழ் குறையாமல் தெரிகிறது. அந்தப் போட்டோவுக்கு ஃபிரேம் போட்டதும் அவரேதான்.

அவர் கடைக்கு நேர் எதிரே என் கடை. பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. நடுவில் ஒரு குறுகலான தெரு மட்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அக்கா சொல்வாள். அத்தானுக்கு வாயே கிடையாது. ஆக, குடும்பத்துக்குச் சராசரி சரியாக வந்துவிடும்.

அவர் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் அக்கா கடைக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். பெரிய கண்ணாடி ஒன்றை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து நகர்த்தினார்கள். அக்காவின் கை வழுக்கியது. உடையாமல் காப்பாற்ற அத்தான் திரும்பி முதுகைக் கொடுத்தார். கண்ணாடி தப்பித்தது, அத்தான் தப்பவில்லை. இடது பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, அரிவாள் வளைவில் ஒரு வெட்டு. கடைசியில் கண்ணாடி முனை திரும்பிய இடத்தில் சின்னதாக ஒரு வால். அக்கா அழுத அழுகையில் தையல் போட்ட டாக்டரே கலங்கிப் போனாராம்.

ஒரு மாதம் தினமும் சாயங்காலம் அவரைக் குப்புறப் படுக்க வைத்து மருந்து தடவினாள். அப்போதுதான் அவர் பேசினார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு, சின்ன வயதில் கிணற்றுக்குள் செருப்பைப் போட்டது முதல், அக்காவை முதல் முறை பார்த்தபோது காது அடைத்துக்கொண்டது வரை எல்லாவற்றையும் சொன்னாராம். பிறகு புண் ஆறியது. பேச்சும் நின்றது. "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டியிருக்கலாம்டா" என்று அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இனி டிராயிங் டீச்சர். அத்தான் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைய ஆரம்பித்தவர். அவர் வீடு முழுக்க அந்தக் காலத்துப் படக்கதைப் புத்தகங்கள், அட்டை பிய்ந்து, பழுப்பேறி. ஒருமுறை அலமாரிப் பூட்டைத் திறந்து கொடுக்கப் போனபோது எனக்கும் காட்டினார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். காட்டில் ஒரு மரம்கூட அசையவில்லை, இளவரசியின் ஆடையில் மட்டும் புயல் அடிக்கிறது. தேவதைகள் குளிப்பதைத் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை. பறவை நாகம் ஒன்று கன்னியைத் தூக்கிக்கொண்டு போகிறது. சாப்பிடப் போகிற பிராணி இடுப்பை அவ்வளவு பதமாகச் சுற்றாது.

"இது பிள்ளைங்க புத்தகமா டீச்சர்?" என்றேன்.

"கதை பிள்ளைங்களுக்கு, படம் அப்பாமார்களுக்கு. அப்பதானே தினமும் படிச்சுக் காட்டுவாங்க?" என்றார் டீச்சர். பள்ளிக்கூடத்தில் இவரிடம் நான் படிக்காமல் போனேனே என்றிருந்தது.

அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு புத்தகம் வந்திருந்தது. ஒரு நதிக்கன்னியின் கதை. அவள் முகத்தைப் பார்ப்பவன் கல்லாகிவிடுவான். அதனால் அவள் ஆற்றிலிருந்து எழும்போதெல்லாம் திரும்பியே நிற்பாள். இளவரசன் பின்னாலிருந்தே காதலித்துச் சாக வேண்டும். டீச்சருக்குத் தேவை ஒரு முதுகு. தெரிந்த பெண்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார், ஒருத்தியும் ஒப்பவில்லை. அப்போதுதான் ஒரு நாள், கொளுத்துகிற வெயிலில், கரண்ட் இல்லாத மத்தியானத்தில், அத்தான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீச்சர் கேட்டிருந்த நிலைக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, அதைச் சுவரில் வைக்கத் திரும்பினார்.

"அப்படியே நில்லுங்க! அசையாதீங்க!" என்று டீச்சர் கத்தினார்.

அத்தான் முதுகில் குளவி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். "எந்தப் பக்கம் டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேசாதீங்க. பேசினா தோள்பட்டை ஏறுது."

கண்ணாடியைப் பிடித்தபடி, வேர்வை வழிய, குளவி எப்போது கொட்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். ஒருவழியாகத் 'திரும்பலாம்' என்று உத்தரவு கிடைத்துத் திரும்பினால், காகிதத்தில் முழங்கால் வரை கூந்தலோடு ஒரு கன்னி. அதற்குப் பிறகும் நாலைந்து மத்தியானம் போய் நின்றிருக்கிறார். "வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" என்று பிற்பாடு நான் கேட்டேன். "சொல்லணும்னா திரும்பணும். அவங்கதான் திரும்பக் கூடாதுன்னுட்டாங்களே" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

டீச்சர் கூந்தலைச் சேர்த்தார், இடுப்பைக் கொஞ்சம் கூட்டினார், நழுவிக்கொண்டிருக்கும் ஈரத்துணி ஒன்றைப் போட்டார். முதுகில் கை வைக்கவில்லை. தழும்பைக்கூட இருந்தபடியே வரைந்தார். அச்சில் பார்த்தவர்கள், ஆற்றில் மிதந்து வந்த இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தார்கள்.

புத்தகம் வந்தது. பிள்ளைகள் ஒரு தடவை படித்துவிட்டு மறந்தார்கள். அப்பாக்கள்தான் 'இன்னொரு தடவை படிக்கலாம் வா' என்று பிள்ளைகளைத் துரத்தினார்கள். நூலகத்துப் பிரதியில் அந்தப் பக்கத்தைக் காணோம். புதுப் பிரதி வாங்கி வைத்தார்கள், அதிலும் காணோம். புத்தகம் போட்டவர் விவரமான ஆள். அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாக அச்சடித்துச் சுருட்டி விற்றார். வாங்கியவர்கள் எல்லாரும் ஃபிரேம் போட எங்கே வருவார்கள்? ஊரில் இருந்தது ஒரே ஒரு ஃபிரேம் கடை.

"பசங்க ரூம்ல மாட்டணும்" என்றார் ஒருவர். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. எலும்பு டாக்டர், முதுகெலும்பு எப்படி நேராக இருக்க வேண்டும் என்று நோயாளிகளுக்கு விளக்கப் போவதாகச் சொன்னார். பாங்க் மேனேஜர் நீர்வளம் பற்றிய படம் என்று சொல்லி அலுவலகத்தில் மாட்டினார். மறைப்பானேன், நானும் ஒன்று வாங்கிச் சாவி வெட்டும் மெஷினுக்கு மேலே மாட்டினேன். காலையில் கடை திறந்ததும் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் முதல் சாவி.

அத்தான் எல்லாவற்றுக்கும் ஃபிரேம் போட்டார். ஆனால் ஒரு வேலை செய்தார். படத்தைச் சுற்றி, நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய தடித்த அட்டை ஒன்று வைப்பார்கள். மவுண்ட் என்று பெயர். இந்தப் படத்துக்கு மட்டும் மவுண்டின் கீழ்ப் பக்கத்தைத் தாராளமாக மேலே ஏற்றிவிட்டார். தோளும் முதுகும் தெரியும். இடுப்புப் பக்கம் வரும்போது அட்டை வந்துவிடும். வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

"என்னங்க, முக்கியமான இடத்துல அடைச்சிட்டீங்க?"

"அரை இஞ்சு விடணும்."

"இது அரை இஞ்சா? ஒரு சாண் இருக்கே! மவுண்டே இல்லாம போட்டுக் கொடுங்களேன்."

"கண்ணாடி படத்தோட ஒட்டிக்கும்."

இதற்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பெயராது. ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். முணுமுணுப்பு வளர்ந்தது. அரை இஞ்சுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும்; தனக்குச் சொந்தமானதை ஊருக்குக் காட்ட மனசில்லாமல் மறைக்கிறான் என்று பேச்சு. பேச்சு தெருமுனை தாண்டி அக்காவின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்காவுக்கு ஏற்கெனவே உறுத்தல் இருந்தது. அவள் கடைக்குள் நுழைந்தாலே அத்தான் சுருட்டின படங்களை மேஜைக்கு அடியில் தள்ளுவார். மாட்டியிருப்பதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்புவார். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"யாருங்க அவ?"

"யாரும் இல்ல."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

என் அத்தான் பொய் சொல்லத் தெரியாதவர். தன் முதுகைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்? "பார்த்ததில்ல" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை முழுசாக இருக்கட்டும் என்று, "ஆனா தெரியும்" என்றும் சேர்த்தார்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேராக என் கடைக்கு வந்தாள். அவள் கண் என் மெஷினுக்கு மேலே போனது. "நீயுமாடா?" என்றாள். நான் மெஷினை நிறுத்தினேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அவ யாருன்னு அவர் சொல்லணும். இல்லாட்டி நான் புள்ளகிட்ட போயிடறேன். போனா திரும்ப மாட்டேன். நீயே போய்ச் சொல்லு." அவள் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அக்கா சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. சொன்னால் செய்வாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். "அத்தான், மரியாதையா கேட்கிறேன். இவ யாரு?"

அவர் கதவைச் சாத்தினார். திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார்.

நான் முதுகைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். மறுபடி முதுகைப் பார்த்தேன். அதே தோள், அதே முதுகெலும்புப் பள்ளம். அந்த நிமிஷம் என் மனம் பட்ட பாட்டை எழுதினால் அச்சாகாது. எத்தனை காலை வணக்கம்! படத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

"இதப் போய் அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே? பிரச்சினையே இல்லையே!"

"வேணாம் மாப்ளே. வேற பொம்பளைன்னா ஊரு கொஞ்ச நாள் பேசும், அப்புறம் மறந்துடும். சில பேரு மரியாதகூட குடுப்பாங்க. இது வெளிய வந்தா நான் எப்படி பஸ்ல ஏறுவேன்? யாருக்கு முதுகக் காட்டி நிப்பேன்?"

"ஊரு கிடக்குது, அக்கா போறேங்கறா!"

அத்தான் ஒட்டுப் பசையைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு, பசையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "ஊரு சிரிச்சா தாங்கிக்குவேன். அவ சிரிச்சா தாங்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபம் அப்படியே வற்றிவிட்டது. ஆனால் இதை யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டார் பாருங்கள், அதற்காக அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை. என்னைப் போன்ற வாயை வைத்துக்கொண்டு அந்த ஒரு வாரம் சும்மா இருப்பதற்கு, பல்வலியோடு பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தான் கடையில் ஒழுக்கப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவரும் அந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தார், கூட்டத்தில் வைத்துக் கண்டிப்பதற்காக. கண்டனத்துக்குத் தங்க நிறத்தில் பூவேலை செய்த ஃபிரேம்தான் பொருத்தம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. "கண்டிக்கிறதா இருந்தா முழுசா கண்டிக்கணும். கீழ மறைச்சிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் காது கேட்காத மாதிரி மவுண்டைப் படத்தின் மேல் வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா உள்ளே வந்தாள். கையில் பெட்டி. என் கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். கடையின் மாற்றுச் சாவியை மேஜை மேல் வைத்தாள். "சொல்லப் போறீங்களா, இல்லையா?"

அத்தான் பார்வை சாவியை விட்டு எழவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சரி" என்றாள் அக்கா. மேஜையிலிருந்த மவுண்டை இழுத்து வீசினாள். அடியிலிருந்த படத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனாள்.

"அம்மா, பார்த்து, கசங்கிடப் போகுது!" என்று தலைவர் பதறி எழுந்தார்.

அக்கா கிழிக்கவில்லை. படத்தின் கீழ்ப் பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மவுண்ட் இல்லாமல் அந்தப் படத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை. இடது பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே.

"அது இலைம்மா" என்று தலைவர் விளக்கினார். நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்.

அக்கா அந்த இலையின் மேல் விரலை வைத்தாள். வளைவோடு போய், கடைசியிலிருந்த சின்ன வாலில் விரல் நின்றது. ஒரு மாதம் தினமும் மருந்து தடவிய விரல். அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை.

"திரும்புங்க" என்றாள்.

அத்தான் திரும்பினார். அவள் சட்டையைத் தூக்கினாள். தலைவர் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அவருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் கட்டத்தில் என்ன தேவைப்படும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா சிரித்தாள். அத்தான் எதற்குப் பயந்தாரோ அதேதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையைத் தட்டி, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்த அழகான முதுகு அப்படியே குறுகிப் போனது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என்ன நடந்தது என்று எங்களுக்குப் புரிவதற்குள் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட போனா அங்க இவ. பாங்க்குக்குப் போனா அங்க இவ. எங்க பார்த்தாலும் பொறாமதாங்க எனக்கு. என்ன முதுகு, இதப் பார்த்தா யாருக்குத்தான் மனசு போகாதுன்னு நானே நினைச்சேன். எங்க வீட்டுல இருந்திருக்கு. ஊரே பார்த்திருக்கு. நான்தான் திரும்பிப் பார்க்கல."

"நான்தான் காட்டல" என்றார் அத்தான், சுவரிடம்.

பிறகு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தாள். "ஐயா, நீங்க கண்டிச்சு முடிச்சிட்டீங்களா? நாங்க கடைய மூடணும்."

தலைவர் எழுந்தார். வாசல் வரை போனவர் நின்று, தாழ்ந்த குரலில், "ஃபிரேம் எப்ப ரெடியாகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தான் அங்கே எதற்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். ஊருக்கு விஷயம் தெரிந்தது என்னால்தான். அத்தான் வாங்கிய சத்தியம் அக்காவுக்குத் தெரியும் வரைதான், அதற்கப்புறம் செல்லாது என்பது என் கட்சி. எல்லாரும் படத்தைக் கழற்றி எறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கழற்றவில்லை. எலும்பு டாக்டர் மட்டும், ஆணின் முதுகென்றால் பாடம் நடத்த இன்னும் வசதி என்று சொன்னார். பஸ்ஸில் அத்தான் ஏறினால் ஆண்கள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். அவருக்கு உட்கார எப்போதும் இடம் கிடைக்கிறது. நானும் என் படத்தை மறுபடி மாட்டிவிட்டேன். வணக்கம் மட்டும் வைப்பதில்லை.

அக்கா மருந்துக்கடையில் பழைய களிம்பையே கேட்டு வாங்கியிருக்கிறாள். ஆறி எத்தனையோ வருஷமான தழும்புக்கு எதற்கு மருந்து என்று கேட்டேன். "உன் வேலையப் பாருடா" என்றாள். அத்தான் இப்போது சாயங்காலம் சீக்கிரமாகவே கடையை மூடிவிடுகிறார். கிணற்றில் செருப்பு போட்ட கதையில் இரண்டாவது செருப்பு ஒன்று இருந்ததாம். அதை இத்தனை வருஷம் கழித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அக்கா அத்தான் கடைக்கு வந்தாள். உள்ளே போகவில்லை, வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கம் நின்றாள். சுருட்டிய படம் ஒன்றை மேஜையில் விரித்தாள். என் கடையிலிருந்து எல்லாம் தெரிந்தது, கேட்கவும் கேட்டது. தெரு அவ்வளவு குறுகல்.

"இதுக்கு ஃபிரேம் போடணுங்க."

அத்தான் பழக்க தோஷத்தில் மவுண்ட் அட்டையை எடுத்தார்.

"மவுண்ட் வேண்டாம். முழுசா தெரியணும்."

"கண்ணாடி படத்தோட ஒட்டிக்கும்" என்றார் அத்தான்.

"ஒட்டிக்கட்டும்."

அத்தான் அட்டையை வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை பிடித்து, அந்த அளவை ஃபிரேம் மரத்தில் பென்சிலால் குறித்தார். அரை இஞ்சு விடவில்லை.